பொம்மை ரோபோவைக் கைப்பேசிச் செயலியால் இயக்கும் முறை

சென்ற மே மாத விடுமுறையில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, எட்டாம் வகுப்பு முடித்திருந்த அக்கா மகள் தானே திருகாணி முடுக்கிச் சேர்த்த நான்கு சக்கர ரோபோ வண்டி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மாமா, ஆப் கெட்டுப்போச்சு" என்றாள். முன்னே செல்லும் அம்புக்குறியை அழுத்தினால் வண்டி ஒரு விரற்கடை நகர்ந்து நின்றுவிடும். கைப்பேசியில் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற செய்தி வரும். அவள் அந்தச் செயலியை நான்கு முறை நீக்கி நான்கு முறை மீண்டும் நிறுவியிருந்தாள். பழுது செயலியில் இல்லை. எங்கே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இத்தகைய பொம்மை எந்தக் காரணத்தால் நின்றாலும் பழி முதலில் செயலியின் மேல்தான் விழுகிறது என்பதால், செயலி உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது செய்வது மிகச் சிறிய வேலை. திரையில் முன்னே போகும் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான எளிய ரோபோ வண்டிகளின் செயலி 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்தைப் புளூடூத் வழியாக அனுப்புகிறது. பின்னே போக 'பி', இடப்பக்கம் திரும்ப 'எல்', வலப்பக்கம் திரும்ப 'ஆர்', நிற்க 'எஸ்'. கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும் என்பதால், காற்றில் போவது 70, 66, 76, 82, 83 ஆகிய எண்களுள் ஒன்று. வண்டியில் இருக்கும் சிறு பலகை அந்த எண்ணைப் படித்து, எந்த மோட்டாரை எந்தத் திசையில் சுழற்றுவது என்று முடிவு செய்கிறது. படக்கருவியும் பேச்சும் உள்ள விலை உயர்ந்த ரோபோக்களில் போகும் செய்தி நீளமாக இருக்கும். ஆனால் கைப்பேசி சொல்ல, பலகை கேட்க, மோட்டார் சுழல என்ற வரிசை மாறுவதில்லை. இந்த மூன்றில் எங்கே அறுந்தது என்று பார்க்கப் பழகியவர் எந்தப் பொம்மையையும் தைரியமாகக் கையில் எடுக்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கைப்பேசியோடு இணையும் என்று நம்பி வாங்கிவிடுகிறவர்கள் பலர். புளூடூத்தும் வைஃபையும் அந்த அலைவரிசையில் இயங்குவது உண்மைதான். ஆனால் ரிமோட்டோடு வரும் பல பொம்மைக் கார்களும் அதே அலைவரிசையில் தமக்கே உரிய தனி முறையில் பேசுகின்றன. அவற்றைக் கைப்பேசியால் இயக்க வழியில்லை. 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் ஐயமே வேண்டாம், அதுவும் ஆகாது. பெட்டியில் புளூடூத் அல்லது வைஃபை என்ற சொல்லோ குறியோ இருக்க வேண்டும். செயலியின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கடையில் நின்றபடியே பிளே ஸ்டோரில் தேடிப் பார்த்து, செயலி கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது என்பதையும் நம் கைப்பேசிக்கு அது பொருந்துமா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவர்கள் சேர்த்துச் செய்யும் ரோபோ வண்டிகளில் பரவலாக இருக்கும் எச்சி-05 (HC-05) என்னும் புளூடூத் பலகை பழைய வகைப் புளூடூத்தில் பேசுவது. ஆண்ட்ராய்டு அதனோடு தடையின்றி இணையும், ஐபோன் இணையாது. ஐபோனுக்கு எச்எம்-10 (HM-10) போன்ற குறைமின் புளூடூத் (BLE) பலகை தேவை.

இணையத்தில் இருக்கும் நிறுவனத்தின் கணினியோடு பேசித்தான் வேலை செய்வேன் என்னும் ரோபோக்களை நான் நம் பகுதிக்குப் பரிந்துரைப்பதில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கங்களிலும் பென்னாகரத்தைத் தாண்டிய ஊர்களிலும் கைப்பேசிச் சமிக்ஞை எப்போது இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் வீட்டு வைஃபையும் அணைந்துவிடும். நிறுவனம் மூடப்பட்டால் பொம்மையின் பாதி அறிவும் அதோடு போய்விடலாம். 2018இல் வெளிவந்த வெக்டர் என்னும் சிறு ரோபோ, குரல் கட்டளைகளுக்கு நிறுவனத்தின் இணையக் கணினிகளையே நம்பியிருந்தது; அதைச் செய்த அன்கி நிறுவனம் 2019இலேயே மூடப்பட்டது. கைப்பேசிக்கும் பொம்மைக்கும் நேரடியாகவே பேச்சு நடக்கும் புளூடூத் வண்டி, இந்தக் கவலை எதுவும் இல்லாமல் மின்சாரம் இல்லாத மாலையிலும் திண்ணையில் ஓடும்.

செயலியை நிறுவுதல்

பொம்மையோடு வரும் சிறு தாளில் ஒரு க்யூஆர் கட்டம் இருக்கும். அதைப் படித்தால் சில பொம்மைகளுக்குப் பிளே ஸ்டோர் திறக்கும். சிலவற்றுக்கு ஏபிகே என்னும் நிறுவல் கோப்பு நேரடியாக இறங்கும், கூடவே 'அறியப்படாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா' என்று கைப்பேசி கேட்கும். இரண்டாவது வகை என்றால், வங்கிச் செயலியும் பணம் அனுப்பும் செயலிகளும் இருக்கும் வீட்டுக் கைப்பேசியில் அதை நிறுவவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பீரோவில் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்றை எடுத்து, அதில் உள்ளதையெல்லாம் அழித்து, சிம் அட்டை போடாமல் பொம்மைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். திரை விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை; விளையாட்டில் அது கைதவறி விழுந்தாலும் மனம் பதறாது.

முதல்முறை திறக்கும்போது செயலி சில அனுமதிகளைக் கேட்கும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரையிலான கைப்பேசிகளில், அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேட இருப்பிட அனுமதி தேவைப்படுகிறது. பொம்மை வண்டிக்கு என் இருப்பிடம் எதற்கு என்று சந்தேகப்பட்டு மறுத்துவிட்டால், பட்டியலில் எந்தக் கருவியும் தெரியாமல் வெறுமையாகவே இருக்கும். பல கைப்பேசிகளில் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, இருப்பிட வசதியையும் இயக்கி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் இதற்கென்றே 'அருகிலுள்ள சாதனங்கள்' என்னும் தனி அனுமதி வந்துவிட்டது. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அழைப்புகள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் பொம்மைச் செயலியை உடனே நீக்கிவிடுங்கள். வண்டி ஓட்ட அவை எதுவும் தேவையில்லை.

இணைத்தல்

எச்சி-05 பலகை உள்ள வண்டியின் விசையைப் போட்டதும் அந்தப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று வேகமாக மின்னும். யாராவது அழைப்பார்களா என்று அது காத்திருப்பதன் அடையாளம் அது. கைப்பேசி அமைப்புகளில் புளூடூத்தைத் திறந்து, புதிய சாதனத்தைத் தேடி, பட்டியலில் அதன் பெயரைத் தொட்டால் கடவு எண் கேட்கும். 1234 என்று கொடுங்கள், ஏற்காவிட்டால் 0000. இது முடிந்தவுடன் இணைந்துவிட்டதாக எண்ணிச் செயலியைத் திறந்து பொத்தானை அழுத்திப் பார்த்து ஏமாறுவோர் உண்டு. இங்கே நடந்தது அறிமுகம் மட்டுமே. செயலிக்குள் சென்று, இணைக்கும் பொத்தானைத் தொட்டு, மீண்டும் அதே பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் பேச்சு தொடங்கும். அப்போது பலகையின் விளக்கு படபடப்பை விட்டு, இரண்டு முறை மின்னி, சற்று ஓய்ந்து, மறுபடி இரண்டு முறை மின்னும். கைப்பேசித் திரை என்ன சொன்னாலும் இந்த விளக்கு சொல்வதையே நான் நம்புவேன்.

குறைமின் புளூடூத் பொம்மைகள் இதற்கு நேர் எதிர். அவற்றை அமைப்புகளில் போய் இணைக்காமல், நேராகச் செயலிக்குள்ளிருந்தே தேடி இணைக்க வேண்டும்.

வைஃபை ரோபோக்கள், குறிப்பாகப் படக்கருவி உள்ளவை, தாமே ஒரு வைஃபை வலையை உண்டாக்கும். அதன் பெயரும் கடவுச்சொல்லும் வண்டியின் அடிப்பாகத்திலோ தாளிலோ இருக்கும். கைப்பேசியை அந்த வலையில் சேர்த்ததும் 'இங்கே இணையம் இல்லை, தொடரவா' என்று கேட்கும். தொடரச் சொல்ல வேண்டும். அப்படியும் சில கைப்பேசிகள் இணையம் இல்லாத வலையை விட்டுவிட்டுத் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவி விடுவதால், விளையாடி முடியும் வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். படக்கருவி இருந்தால் ஆலையிலேயே வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். அது வீட்டுக்குள் நடமாடும் ஒரு கண்; அக்கம்பக்கத்தார் கைக்கு அது போய்விடக் கூடாது.

தானே சேர்த்துச் செய்யும் வண்டி

வாங்கிய பொம்மையைவிடச் சேர்த்துச் செய்த வண்டியே பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுத் தருகிறது. பாகங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஓசூர் வழியாகப் பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் பேருந்தில் போய், கையில் பிடித்துப் பார்த்து வாங்கி வருகிறவர்களும் நம் பக்கத்தில் உண்டு. வண்டியின் மூளையாக இருக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, எச்சி-05 ஒன்று, எல்298என் என்னும் மோட்டார் இயக்கிப் பலகை ஒன்று, மஞ்சள் நிறப் பி.ஓ. மோட்டார்கள் (பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார்கள்) சக்கரத்தோடு இரண்டோ நான்கோ, பேட்டரி, விசை, கம்பிகள்: இவ்வளவே.

ஆர்டுயினோவின் முனைகளிலிருந்து மோட்டாரை நேராக இயக்க முடியாது; மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை அந்த முனைகளால் தர இயலாது. அதனால்தான் நடுவில் எல்298என் பலகை நிற்கிறது. இடப்பக்க மோட்டார்களை அதன் ஒரு வாயிலிலும் வலப்பக்க மோட்டார்களை மற்றொரு வாயிலிலும் பூட்ட வேண்டும். பேட்டரியின் எதிர்மின் முனை, இயக்கிப் பலகையின் தரைமுனை (GND), ஆர்டுயினோவின் தரைமுனை, புளூடூத் பலகையின் தரைமுனை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். இந்தத் தரைக் கம்பியை விட்டுவிட்டால், விளக்குகள் எரிந்தாலும் கட்டளைகள் சரியாக வேலை செய்யாது.

புளூடூத் பலகையின் அனுப்பும் முனை ஆர்டுயினோவின் பெறும் முனையான 0க்கும், அதன் பெறும் முனை ஆர்டுயினோவின் அனுப்பும் முனையான 1க்கும் போக வேண்டும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆர்டுயினோ 5 வோல்ட்டில் பேசுகிறது, எச்சி-05இன் பெறும் முனையோ 3.3 வோல்ட்டுக்கானது. ஆகவே ஆர்டுயினோவின் அனுப்பும் முனையிலிருந்து 1 கிலோ ஓம் தடை வழியாகக் கம்பியைக் கொண்டுவந்து புளூடூத்தின் பெறும் முனையில் சேர்த்து, அங்கிருந்து 2 கிலோ ஓம் தடையைத் தரைக்குப் பூட்டினால், 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட் மட்டுமே அங்கே விழும். கணினியிலிருந்து ஆர்டுயினோவுக்கு நிரலை ஏற்றும் நேரத்தில் 0, 1 ஆகிய இரு முனைகளிலும் உள்ள கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். கணினியும் அதே வழியில்தான் பேசுகிறது என்பதால் அவை இருந்தால் நிரல் ஏறாது.

நிரல் எழுதும்போது பேச்சின் வேகத்தை (பாட் ரேட்) 9600 என்று வையுங்கள். எச்சி-05 வழக்கமாக அந்த வேகத்தில்தான் பேசும். வந்த எழுத்து 'எஃப்' என்றால் எல்லாச் சக்கரமும் முன்னே, 'எல்' என்றால் இடச் சக்கரங்கள் நிற்க வலச் சக்கரங்கள் மட்டும் முன்னே, என்று வரிசையாக எழுதினால் போதும். ஏதேனும் ஒரு சக்கரம் தலைகீழாகச் சுழன்றால் நிரலைத் தொட வேண்டாம், அந்த மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள்.

அக்கா மகளின் வண்டியில் நடந்தது

அவள் வண்டிக்கு 9 வோல்ட் சதுரப் பேட்டரி ஒன்றைப் போட்டிருந்தாள். நான் அவளை முன்னே போகும் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, புளூடூத் பலகையின் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டை மின்னலாக அமைதியாக இருந்த விளக்கு, சக்கரம் அசைந்த நொடியில் ஒருமுறை முற்றிலும் அணைந்து, பிறகு படபடவென்று மின்னத் தொடங்கியது. அதாவது பலகை செத்துப் பிழைத்திருக்கிறது. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் மேல் வைத்தேன். வண்டி நிற்கும்போது 8.9 வோல்ட் காட்டியது, பொத்தானை அழுத்தியதும் 5க்குக் கீழே சரிந்தது.

நின்றுகிடக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம், அது ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. நான்கு மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பினால் அந்தச் சிறு பேட்டரியால் தாங்க முடியாது. புகை எச்சரிக்கைக் கருவி, மல்டிமீட்டர் போன்ற சொற்ப மின்சாரம் கேட்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்டது அது. மின்னழுத்தம் சரிந்ததும் புளூடூத் பலகை அணைந்து, இணைப்பு அறுந்து, அந்தச் செய்தி கைப்பேசித் திரையில் வந்தது. செயலி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

18650 வகை லித்தியம் மின்கலம் இரண்டை வரிசையாகப் போட்டோம். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், சேர்த்து 7.4, முழுதாக மின்னேற்றினால் 8.4. எல்298என் பலகை தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் மோட்டாருக்குப் போவது ஐந்தரை வோல்ட்டுக்குச் சற்று முன்பின்; பி.ஓ. மோட்டாருக்கு அது சரியான அளவு. அன்று மாலை மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே வண்டி வளைந்து வளைந்து ஓடியது. இந்த மின்கலங்களுக்கு உரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில்தான் ஏற்ற வேண்டும். உறை கிழிந்ததையும் உப்பியதையும் மறுபடி போடக் கூடாது. பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலம் கிடைத்தால் சற்று விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.

தமிழ்ப் பொத்தான்களோடு ஒரு செயலி

ஆயத்தச் செயலிகளில் வண்டி ஓட்டி அலுத்தபின், சொந்தச் செயலி ஒன்றைச் செய்வதற்கு எம்ஐடி ஆப் இன்வென்டர் என்னும் இலவச வசதி இருக்கிறது. 2010இல் கூகுள் தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. கணினி உலாவியிலேயே திறக்கும். நிரல் வரிகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்தே செயலியைச் செய்யலாம். பொத்தான்களின் மேல் 'முன்னே', 'பின்னே', 'இடம்', 'வலம்', 'நில்' என்று தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டியும் வண்டியை ஓட்டலாம்.

திரையில் ஐந்து பொத்தான்களும், இணைப்பதற்கு ஒரு பட்டியல் பொத்தானும், கண்ணுக்குத் தெரியாத பாகங்களாகப் புளூடூத் கிளையன்ட் ஒன்றும் கடிகாரம் ஒன்றும் வேண்டும். பட்டியல் பொத்தானைத் தொடும் முன் அதில் புளூடூத் முகவரிகள் நிரம்புமாறும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் அதனோடு இணையுமாறும் துண்டுகளைக் கோக்க வேண்டும். இதில் பலரும் செய்யும் தவறு, பொத்தானைத் 'தட்டும்போது' எழுத்தை அனுப்புமாறு அமைப்பது. அப்படிச் செய்தால் ஒருமுறை தட்டியதும் வண்டி கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு வேறு பொத்தானைத் தேட வேண்டும், அதற்குள் அது படியிலிருந்து விழுந்திருக்கும். விரல் 'பட்டதும்' உரிய எழுத்தும், விரல் 'எடுத்ததும்' நிற்பதற்கான 'எஸ்' எழுத்தும் போகுமாறு இரண்டு தனித் துண்டுகளாக அமையுங்கள்.

இன்னொரு பாதுகாப்பும் தேவை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அணைந்துவிட்டால், அல்லது புளூடூத் எட்டும் சுமார் 10 மீட்டரைத் தாண்டி வண்டி போய்விட்டால், 'எஸ்' எழுத்து அதற்குப் போய்ச் சேராது. எனவே விரல் பொத்தானில் இருக்கும் வரை செயலியின் கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பட்டும். வண்டியின் நிரலில், அரை நொடி வரை எந்த எழுத்தும் வராவிட்டால் தானே நின்றுவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையை எழுதுங்கள். தெருவில் மாடும் இருசக்கர வண்டியும் போகும் இடத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

தரையில் ஓட்டும்போது

நம் மாவட்டத்து வீடுகளில் மெருகேற்றிய கிரானைட் தரை சாதாரணம். அதன் மேல் பொம்மை வண்டியின் சக்கரம் வழுக்கும், திரும்பச் சொன்னால் சுற்றும். இயக்கிப் பலகையில் வேகத்துக்கான இரு முனைகளும் உண்டு. அவற்றுக்கு 0 முதல் 255 வரை மதிப்புக் கொடுக்கலாம். வழுக்கும் தரையில் 150 அளவில் கிளப்பி, பிறகு கூட்டுங்கள். மிகக் குறைத்தால் மோட்டார் முனகுமே தவிரச் சுழலாது. நேராகப் போகச் சொன்ன வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து போனால், ஒரே வகை மோட்டார்களிலும் வேகம் சற்று வேறுபடுவதுதான் காரணம். வேகமான பக்கத்தின் மதிப்பை ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நேராகிவிடும். கேழ்வரகு காயப்போட்ட மொட்டைமாடியில் ஓட்ட வேண்டாம். அந்தச் சிறு தானியமும் மண்ணும் தலைமுடியும் மஞ்சள் மோட்டாரின் பல்சக்கரத்துக்குள் போனால் எடுப்பது கடினம்.

பள்ளியில் பத்து வண்டிகள் ஒன்றாக ஓடும்போது பட்டியலில் பத்தும் ஒரே பெயரில் நிற்கும். எச்சி-05இன் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தால் அது கட்டளை நிலைக்குச் சென்று விளக்கு மிக மெதுவாக மின்னும். அந்நிலையில் 38400 வேகத்தில் கணினியிலிருந்து பேசி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனிக் கடவு எண்ணும் கொடுத்துவிடலாம். அக்கா மகள் தன் வண்டிக்கு 'அதியமான்' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டியிருந்ததில் அவளுக்குச் சற்று வருத்தம். செயலியின் தலைப்பில் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

விளையாடி முடித்ததும் விசையை அணைத்து, மின்கலங்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். விசை மட்டும் அணைத்து மூலையில் வைத்துவிட்டால், யார் கையாவது பட்டு விசை திரும்பி, மின்கலம் மீட்க முடியாத அளவுக்கு வடிந்துவிடும்.